சுசேதா தலால்: சீரிஸுக்கு அப்புறம் புத்தகத்தைப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மாடிப்படி_வாசகன்

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த விஷயம். 2020 அக்டோபரில், ஹர்ஷத் மேத்தா என்ற பங்குத் தரகரின் மோசடியைச் சொல்லும் 'ஸ்கேம் 1992' சீரிஸ் வந்தபோது எல்லோரையும் போல நானும் பத்து எபிசோடையும் ஒரே மூச்சில் பார்த்தேன், பின்னணி இசையை ரிங்டோனாக வைத்துக்கொண்டு நாலு மாதம் திரிந்தேன். அப்புறம் அதற்கு மூலமான புத்தகத்தை வாங்கினேன். அந்த மோசடியை வெளிக்கொண்டுவந்த நிருபர் சுசேதா தலாலும் தேபாஷிஷ் பாசுவும் சேர்ந்து 1993-இல் எழுதிய 'தி ஸ்கேம்'. நாலு தடவை எடுத்தேன், நாலு தடவையும் அறுபதாம் பக்கத்துக்குள் வைத்துவிட்டேன்.

ஹர்ஷத் மேத்தா வந்து வசனம் பேசுவார் என்று பார்த்தால் ரெடி ஃபார்வர்டு, பேங்க் ரிசீட், எஸ்.ஜி.எல். என்று போய்க்கொண்டே இருக்கிறது. நான் படித்தது மெக்கானிக்கல், பங்குச்சந்தையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மாதாமாதம் ஒரு எஸ்.ஐ.பி. அவ்வளவுதான். என் சந்தேகம் இது. இந்த அம்மா உண்மையிலேயே அவ்வளவு பெரிய நிருபரா, இல்லை ஒரு பெரிய செய்தி சரியான நேரத்தில் கையில் வந்து விழுந்ததா? முப்பது வருடமாக அந்த ஒரு செய்தியைச் சொல்லித்தானே அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். சண்டை போட வரவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரடிக்குட்டி

அப்படியே நான் நினைப்பதைக் கேட்டுவிட்டீர்கள் தலைவரே. 1992 ஏப்ரல் 23 டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்த செய்தி என்ன? ஸ்டேட் பாங்க் ஒரு பெரிய புரோக்கரைக் கூப்பிட்டு 500 கோடி சொச்சம் கணக்கு இடிக்கிறது, நேர் செய் என்று சொல்லியிருக்கிறது. இது வங்கிக்குள் இருந்த யாரோ சொல்லாமல் வெளியே வருமா? சொன்னவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். அந்தச் சமயத்தில் சந்தையில் விலை ஏறும் என்று பணம் போட்ட காளைக் கூட்டமும் இறங்கும் என்று போட்ட கரடிக் கூட்டமும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஹர்ஷத் விழுந்தால் லாபம் பார்க்கிற ஆட்கள் நிறையப் பேர். கசிந்த தகவலை எழுதினால் அது புலனாய்வா, தபால் வேலையா?

நான் அவருக்கு எதிரி இல்லை. ஆனால் இந்த சாமி படம் மாட்டுகிற வேலை எனக்கு ஒத்துவராது.

---

பழைய_லெட்ஜர்

மாடிப்படி தம்பி, புத்தகத்தை மூடிய இடம்தான் கதையே ஆரம்பிக்கிற இடம். நான் ஒரு பொதுத்துறை வங்கியில் இருந்தவன். 88-லிருந்து 93 வரை மும்பை ஃபோர்ட் பக்கம் முதலீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கிளை இந்த விவகாரத்தில் மாட்டவில்லை, அதற்குக் காரணம் நேர்மையா அதிர்ஷ்டமா என்று எனக்கே இன்றுவரை தெரியாது. அந்த அறுபது பக்கத்தைச் சுருக்கமாக என் பாஷையில் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வங்கியும் தன் டெபாசிட்டில் 38.5 சதவீதத்தை அரசுக் கடன் பத்திரங்களில் வைத்திருக்க வேண்டும். ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமை ரிசர்வ் வங்கிக்குக் கணக்கு காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை நெருங்கும்போது ஒரு வங்கியிடம் பத்திரம் குறைவாக இருக்கும், இன்னொரு வங்கியிடம் அதிகமாக இருந்து காசு குறைவாக இருக்கும். சரி, நீ எனக்குப் பத்திரம் கொடு, நான் காசு தருகிறேன், பதினைந்து நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துத் திருப்பி எடுத்துக்கொள். இதுதான் ரெடி ஃபார்வர்டு. அடகுக் கடை வேலைதான், பெயர் மட்டும் டை கட்டியிருக்கும்.

பத்திரம் கைமாறியதை ரிசர்வ் வங்கியின் பொதுக்கடன் அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது, பெரிய பெரிய பேரேடு, கையால் எழுதுவார்கள். எஸ்.ஜி.எல். என்கிற படிவம் கொடுத்தால் பதிய நாளாகும், இருப்பு இல்லையென்றால் படிவம் திரும்பி வரும். இந்தத் தாமதத்துக்கு வங்கிகள் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் பேங்க் ரிசீட். "உங்கள் பணம் வந்துவிட்டது, பத்திரம் எங்களிடம் இருக்கிறது, பிறகு தருகிறோம்" என்று ஒரு சீட்டு. எங்கள் பிரிவில் அந்த ரசீதுப் புத்தகம் மளிகைக் கடை பில் புத்தகத்தை விடக் கொஞ்சம் பெரியது, நடுவே கார்பன் தாள், மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் கிடக்கும். பூட்டு இருந்தது, சாவியும் அதிலேயே தொங்கும். அந்தச் சீட்டுக்குக் கோடிக்கணக்கில் காசோலை கிழிப்பார்கள், சீட்டுக்குப் பின்னால் பத்திரம் உண்மையில் இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது புரோக்கர் உள்ளே வருகிறார். இரண்டு வங்கிகளையும் சேர்த்து வைப்பதோடு அவர் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் வாங்குகிற வங்கி எழுதிய காசோலை விற்கிற வங்கியின் பெயரில் இருக்கும், அந்த வங்கியோ அதைப் புரோக்கரின் சொந்தக் கணக்கில் வரவு வைக்கும். "வழக்கம்" என்று சொல்வார்கள். புரோக்கர் பத்திரத்தைத் தேடி வாங்கித் தர பத்து நாள் இருக்கிறது, அந்தப் பத்து நாளும் பணம் அவர் கையில். அதற்குள் அடுத்த வங்கியிலிருந்து வாங்கி முதல் வங்கிக்குக் கொடுத்துவிட்டால் இன்னும் பதினைந்து நாள். இப்படி உருட்டிய பணம்தான் பங்குச்சந்தைக்குள் போனது. கடைசியில் உருட்டப் பத்திரமே போதாமல் போனபோது பாங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கி என்று இரண்டு சின்ன வங்கிகளிலிருந்து வெறும் ரசீதுகள் வந்தன. பின்னால் ஒரு பத்திரமும் இல்லாத ரசீதுகள்.

இதைப் புரிந்துகொண்டு, பொதுமக்களுக்கும் புரிகிற மாதிரி, ஒரு வருடத்துக்குள் புத்தகமாக எழுதினார்கள் பாருங்கள், அதற்குத்தான் என் கும்பிடு. கரடிக்குட்டி சொல்வது போல ஒரு தகவல் கசிந்திருக்கலாம். கசிந்த தகவல் ஒரு வரிதான் இருக்கும். மற்றதை யார் கசியவிட்டார்கள்? என்னைப் போல அதே மேஜையில் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்த ஆளுக்கே முழுப்படம் அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்தது.

---

மாடிப்படி_வாசகன்

சார், சீரிஸ் பத்து எபிசோடில் புரியாதது இந்த ஒரு பதிவில் புரிந்துவிட்டது. அந்த இழுப்பறைச் சாவியை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

---

மூன்றாம்_பக்கம்

நான் கொஞ்ச காலம் ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் வேலை பார்த்தவன் (தமிழ், எந்த நாளிதழ் என்று கேட்காதீர்கள்). அதனால் கரடிக்குட்டியின் தபால் வாதத்துக்கு ஒரு பதில்.

வணிகச் செய்திக் கூட்டத்துக்குப் போனால் ஒரு ஃபைல், ஒரு பேனா, மதியச் சாப்பாடு, செய்திக் குறிப்பு. குறிப்பில் இருப்பதை மொழிபெயர்த்துப் போட்டால் அன்றைய வேலை முடிந்தது. இப்படித்தான் பாதிப் பக்கம் நிரம்பும், நானும் அப்படித்தான் நிரப்பினேன். 1991-92-இல் நாடே ஹர்ஷத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஏ.சி.சி. சிமெண்ட் நிறுவனத்தின் பங்கு 200 ரூபாய் சுமாரிலிருந்து 9,000 பக்கம் போனதை "மாற்று மதிப்பு" என்று, அதாவது ஆலையை இன்று புதிதாகக் கட்ட எவ்வளவு ஆகுமோ அதுதான் மதிப்பு என்று அவர் சொல்ல, பத்திரிகைகள் அதைத் தத்துவமாக்கின. அவருடைய லெக்ஸஸ் கார் அட்டைப்படச் செய்தி. அந்தச் சூழலில் இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்கு ஒரு தனி மண்டை வேண்டும்.

அவருடைய பின்னணியையும் பாருங்கள். தார்வாடில் புள்ளியியல், பிறகு பம்பாய் பல்கலைக்கழகத்தில் சட்டம். 1984-இல் ஒரு முதலீட்டுப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்து, பிசினஸ் ஸ்டாண்டர்டு, எகனாமிக் டைம்ஸ் என்று போய்த்தான் டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்கு வந்தார். ஆக ஏப்ரல் 23-க்கு முன்னாலேயே எட்டு வருடம் நிறுவனங்களின் கணக்கு வழக்கோடு பழகியவர். வங்கியிலிருந்து ஒருவர் 500 கோடி என்று சொன்னால் அதன் அர்த்தம் என்ன, அடுத்து யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஆளிடம்தான் அவர் சொல்வார். எனக்கு அந்தத் தகவல் வந்திருந்தால் நான் வங்கியின் பி.ஆர்.ஓ.வுக்கு போன் போட்டு, அவர் இல்லை என்று சொன்னதும் டீ குடிக்கப் போயிருப்பேன். இது தன்னடக்கம் இல்லை, நிஜம்.

அப்புறம் அந்தப் புத்தகத்தின் துணைத் தலைப்பு: ஜெயித்தது யார், தோற்றது யார், தப்பித்தது யார் என்று கேட்கும். மூன்றாவது கேள்விதான் அவர்களுடைய புத்தகம். ஹர்ஷத் ஒருவர்தான் திருடன் என்று நாடு முடிவு கட்டியிருந்த நேரத்தில், பங்கு கொண்ட வெளிநாட்டு வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்களின் உபரிப் பணம், மற்ற புரோக்கர்கள் என்று விரித்துக்கொண்டே போனார்கள். ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு கடைசியில் 4,000 கோடிக்குச் சற்று மேல் கணக்கு சொன்னது, அதில் ஹர்ஷத் சம்பந்தப்படாத பகுதியும் கணிசம். சீரிஸில் இதற்கு இடம் இல்லை. அது ஒரு மனிதனின் எழுச்சி வீழ்ச்சி, அப்படித்தான் எடுக்க முடியும். புத்தகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாடிப்படிக்கு போரடித்ததற்குக் காரணமும் அதுதான், அவர் கதாநாயகனைத் தேடியிருக்கிறார்.

(ஹிதேன் தலால், பூபேன் தலால் என்று புரோக்கர்கள் பெயர் வரும், சுசேதாவோடு சேர்த்துக் குழம்பாதீர்கள். தலால் என்றாலே தரகர் என்றுதான் பொருள். தரகர்களைத் துரத்தியவர் பெயரிலேயே தரகர் இருப்பது விதியின் விளையாட்டு.)

---

கரடிக்குட்டி

சரி, 92-ஐ விட்டுவிடுகிறேன். லெட்ஜர் சார் பதிவுக்கு அப்புறம் அதில் நான் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அப்புறம்? முப்பது வருடம் என்ன செய்தார்? டைம்ஸை விட்டு 98-இல் வெளியே வந்தார், பத்தி எழுதினார், வீட்டுக்காரர் பாசுவோடு சேர்ந்து மணிலைஃப் என்று சொந்தப் பத்திரிகை. சொந்தப் பத்திரிகையில் கேள்வி கேட்க மேலே ஆசிரியர் கிடையாது, எழுதுவதும் அவர்களே, திருத்துவதும் அவர்களே. இதில் யார் மேல் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாமே.

---

மூன்றாம்_பக்கம்

எழுதலாம், ஆனால் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 2015 இருக்கிறதே. அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருட ஆரம்பத்தில் பெயர் சொல்லாத ஒருவர் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார், நகல் சுசேதாவுக்கு. விஷயம் தேசியப் பங்குச் சந்தையின் கோ-லொகேஷன். புரோக்கர்கள் வாடகை கட்டித் தங்கள் கம்ப்யூட்டரை சந்தையின் சர்வர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், அதில் தப்பு எதுவும் இல்லை. பிரச்சினை விலைத் தகவல் அனுப்பப்பட்ட விதத்தில். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாமல், யார் முதலில் சர்வரோடு இணைந்தாரோ அவருக்கு முதலில், அடுத்தவருக்கு அடுத்து என்று வரிசையாகப் போகும் அமைப்பு. கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு கூட இருக்காது அந்த இடைவெளி, ஆனால் இயந்திரம் இயந்திரத்தோடு வியாபாரம் செய்கிற இடத்தில் அது ஒரு யுகம். சிலர் காலையில் முந்திக்கொண்டு இணைகிறார்கள், கூட்டம் குறைந்த சர்வர் எது என்று தெரிந்து இணைகிறார்கள், மாற்று சர்வருக்கும் போகிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

கடிதம் வந்ததும் அவர் மறுநாளே போட்டுவிடவில்லை. மாதக்கணக்கில் வைத்துத் தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கிறார். சந்தையின் உயரதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பி, குறுஞ்செய்தியும் அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார், பதில் இல்லை. 2015 ஜூன் 19 அன்று கட்டுரை வெளிவந்தது. அடுத்து 100 கோடி கேட்டு சந்தை போட்ட மான நஷ்ட வழக்கு, கட்டுரையை எடுக்கச் சொல்லி இடைக்காலத் தடை கேட்டு மனு.

செப்டம்பர் 9 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். சும்மா தள்ளவில்லை, சந்தை 50 லட்சம் செலவுத்தொகை கட்ட வேண்டும் என்றார். அதில் சுசேதாவுக்கும் பாசுவுக்கும் ஆளுக்கு ஒன்றரை லட்சம், மீதி 47 லட்சம் டாடா நினைவு மருத்துவமனைக்கும் மசினா மருத்துவமனைக்கும். முன்கூட்டியே விளக்கம் கேட்டும் பதில் சொல்லாமல் இருந்தது சந்தைதான் என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமான புள்ளி. மேலே ஆசிரியர் இல்லை என்றீர்களே கரடிக்குட்டி, நூறு கோடி வழக்கை விடக் கறாரான ஆசிரியர் யாராவது இருக்க முடியுமா? விளக்கம் கேட்ட அந்த ஒரு மின்னஞ்சல் இல்லாமல் போயிருந்தால் நீதிமன்றத்தில் நிலைமை வேறு மாதிரி இருந்திருக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் மறுபக்கத்தைக் கேட்பது என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன், எடுக்கவில்லை என்றால் "தொடர்பு கொள்ள முடியவில்லை" என்று ஒரு வரி.

---

எறும்பு_முதலீடு

பெரிய பெரிய விஷயம் பேசுகிற இடத்தில் ஒரு சின்ன விஷயம். எனக்கு சுசேதா தலால் பெயர் ஹர்ஷத் மூலமாகத் தெரியவில்லை. என் அப்பா ஓய்வு பெற்றபோது அவர் கணக்கு வைத்திருந்த வங்கியில் (பெயர் வேண்டாம்) "ஃபிக்சட் டெபாசிட் மாதிரிதான் அங்கிள்" என்று சொல்லி நான்கு லட்சத்துக்கு ஒரு காப்பீட்டுப் பாலிசி தலையில் கட்டினார்கள். வருடா வருடம் நான்கு லட்சம் கட்ட வேண்டும் என்பது இரண்டாம் வருட நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது. பென்ஷன் 22,000 ரூபாய். அப்பா யாரிடமும் சொல்லாமல் அந்த நோட்டீஸைப் பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்தார்.

அப்போது இணையத்தில் தேடி மணிலைஃப் கட்டுரைகளைப் படித்துத்தான் யாருக்குப் புகார் எழுத வேண்டும், எந்த வார்த்தையில் எழுத வேண்டும், ஓம்பட்ஸ்மேன் என்று குறைதீர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தது. பாதிப் பணம் திரும்பி வந்தது. 2010-லிருந்து அவர்கள் ஒரு அறக்கட்டளையும் வைத்து மும்பையில் இலவசமாகக் கூட்டங்கள் நடத்துகிறார்கள். முப்பது வருடம் என்ன செய்தார் என்று கேட்டீர்களே அண்ணே, என்னைப் போன்றவர்களுக்கு இதுதான். இதை வைத்து யாரும் சீரிஸ் எடுக்க மாட்டார்கள்.

---

கரடிக்குட்டி

எறும்பு, அப்பா விஷயம் படித்துக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கேள்வியை நான் கேட்ட விதம் சரியில்லை, விட்டுவிடுங்கள்.

ஆனால் மூன்றாம்_பக்கம் ஐயா, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2021-இல் இருவரும் 'அப்சல்யூட் பவர்' என்று தேசியப் பங்குச் சந்தையைப் பற்றியே புத்தகம் போட்டார்கள். நான் அதைப் படித்திருக்கிறேன், நான் ஆப்ஷன் வியாபாரம் செய்கிறவன், என் பிழைப்பே அந்த சந்தையில்தான். 2019 ஏப்ரலில் செபி 624.89 கோடியை 12 சதவீத வட்டியோடு கட்டச் சொன்னது உண்மை. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, கவனக்குறைவுக்காக 100 கோடி மட்டும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குக் கட்டச் சொன்னதும் உண்மை. 2024 செப்டம்பரில் செபியே கூட்டுச்சதிக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சந்தையையும் முன்னாள் அதிகாரிகளையும் அந்த விஷயத்தில் விட்டுவிட்டது. அப்படியென்றால் புத்தகத்தின் தொனி என்ன ஆவது? அந்தப் புத்தகம் ஆரம்பத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டு அப்புறம் சாட்சிகளைக் கூப்பிடுகிறது. எனக்கு அப்படித்தான் பட்டது.

---

மூன்றாம்_பக்கம்

இது நியாயமான அடி. தொனி விஷயத்தில் நானும் உங்களோடுதான். 'தி ஸ்கேம்' எழுதியபோது அவர்கள் வெளியில் நின்று பார்த்தார்கள். 'அப்சல்யூட் பவர்' எழுதும்போது அவர்களே வழக்கில் ஒரு தரப்பு, நூறு கோடி கேட்டவனைப் பற்றி எழுதும்போது குரலில் கொஞ்சம் உப்பு ஏறத்தான் செய்யும். வாசகன் அதைக் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஆனால் போதிய ஆதாரம் இல்லை என்பதும் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் வேறு வேறு. தகவல் வரிசையாகத்தான் போனது, முதலில் இணைந்தவருக்கு முதலில் கிடைத்தது, பிறகு 2014-இல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறைக்கு சந்தையே மாறியது. இதை யாரும் மறுக்கவில்லை. தெரிந்தே சிலருக்காகச் செய்தார்களா என்பதுதான் நிரூபணம் ஆகவில்லை. கவனக்குறைவு என்பதைத் தீர்ப்பாயமே சொல்லிவிட்டது.

இன்னொன்று. புத்தகம் வந்த அடுத்த வருடம், 2022 பிப்ரவரியில், செபி போட்ட இன்னொரு உத்தரவு ஞாபகம் இருக்கிறதா? சந்தையின் முன்னாள் தலைவி உள்விவகாரங்களை மின்னஞ்சலில் ஒரு இமயமலை யோகியோடு பகிர்ந்துகொண்ட கதை. அதைப் படித்த பிறகு, இவர்கள் மிகைப்படுத்திவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்தப் புனைகதைக்காரனும் அதை எழுதியிருக்க மாட்டான், எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

---

பழைய_லெட்ஜர்

இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் எனக்கு ஒன்று தோன்றும். தேசியப் பங்குச் சந்தை எப்போது பிறந்தது? 1992 நவம்பரில் நிறுவனமாகப் பதிவு, 1994-இல் வியாபாரம். அதாவது புரோக்கர்கள் கையில் இருந்த பழைய பம்பாய் சந்தையை நம்பிப் பயனில்லை, சுத்தமாக, கம்ப்யூட்டரில், புரோக்கர்கள் நிர்வாகத்தில் தலையிடாத ஒரு சந்தை வேண்டும் என்று நினைத்த காலம் அது. ஹர்ஷத் விவகாரம் அந்த எண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றியது. ஐ.டி.பி.ஐ.யிலிருந்து வந்த ஆர்.எச். பாட்டீல் தலைமையில் ஒரு சின்னக் குழு அதைக் கட்டியது, உண்மையில் பிரமாதமாகக் கட்டியது. 96-இல் பங்குகளைக் கம்ப்யூட்டர் கணக்கில் வைத்திருக்கும் டெபாசிட்டரி வந்து காகிதப் பங்கும் ஒழிய ஆரம்பித்தது. போலிச் சான்றிதழ், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வரும் பங்குகள், எல்லாம் போயின. அந்த நிம்மதி அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் புத்தகத்தின் நோய்க்கு வந்த மருந்து, இரண்டாவது புத்தகத்தில் நோயாளியாகப் படுத்திருக்கிறது. எங்கள் காலத்தில் பேரேட்டில் பதிய பத்து நாள் தாமதம், அந்தத் தாமதத்துக்குள் ஒருவன் புகுந்தான். இப்போது தாமதம் மைக்ரோ செகண்டு, அதற்குள்ளும் ஒருவன் புகுந்துவிட்டான். இரண்டுக்கும் சாட்சியாக ஒரே ஆள் முப்பது வருட இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், அது சாதாரணமில்லை. நடுவில் 2001-இல் புரோக்கர் கேத்தன் பாரேக்கின் மோசடி, அவருக்கு மாதவ்புரா கூட்டுறவு வங்கி எழுதிக் கொடுத்த பே ஆர்டர்கள் (வங்கியே பணம் தருவதாக எழுதும் சீட்டு), யு.டி.ஐ.யின் யு.எஸ்-64 முதலீட்டுத் திட்டம் முடங்கியது, எல்லாவற்றையும் எழுதினார். முதல் புத்தகத்தின் பிந்தைய பதிப்புகளில் கேத்தன் பாரேக் கதையும் சேர்ந்துகொண்டது. ரசீதுக்குப் பதில் பே ஆர்டர், பெரிய வங்கிக்குப் பதில் கூட்டுறவு வங்கி. ஹர்ஷத்தே தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பத்திரிகைகளில் பங்குப் பரிந்துரைப் பத்தி எழுதினார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஜனங்கள் வாங்கவும் செய்தார்கள்!

---

கரடிக்குட்டி

சார், அழகாகச் சொன்னீர்கள், ஆனால் அந்த ஒப்பீட்டை நான் முழுசாக ஏற்க மாட்டேன். வெறும் ரசீது என்பது மோசடி, பச்சையான போர்ஜரி. வரிசையில் முதலில் நிற்பது சந்தை கொடுத்த வசதியைப் பயன்படுத்துவது. சினிமா டிக்கெட் கவுண்டர் ஒன்பது மணிக்குத் திறக்கும் என்று தெரிந்து ஆறு மணிக்கே நின்றால் அது குற்றமா?

---

பழைய_லெட்ஜர்

இல்லை. ஆனால் இரண்டாவது கவுண்டர் இன்றைக்குத் திறக்கப் போகிறது என்று தியேட்டர் ஆள் உங்களுக்கு மட்டும் சொல்லியிருந்தால்? அதுதான் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்கவில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

---

மாடிப்படி_வாசகன்

நான் கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது ஒரு செமஸ்டர் பாடம். நேற்று ராத்திரி லெட்ஜர் சார் பதிவை மொபைலில் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'தி ஸ்கேம்' ஐந்தாம் தடவை எடுத்தேன். அறுபதைத் தாண்டி 110-இல் இருக்கிறேன். பாதிப் பக்கத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டு யார் யாருக்குக் காசோலை எழுதினார் என்று படம் வரைய வேண்டியிருக்கிறது, ஆனால் வரைந்தால் புரிகிறது. என் மனைவி இது என்ன சர்க்யூட்டா என்று கேட்டாள், கிட்டத்தட்ட ஆமாம்.

இதை முடித்ததும் நேராக 'அப்சல்யூட் பவர்' போகலாமா? அவர் தனியாக எழுதியது ஏதாவது இருக்கிறதா?

---

மூன்றாம்_பக்கம்

தனியாக எழுதியதில் எனக்குப் பிடித்தது 2000-இல் வந்த ஏ.டி. ஷ்ராஃப் வாழ்க்கை வரலாறு. இதில் மோசடியே கிடையாது, அதனால்தான் யாரும் பேசுவதில்லை. ஷ்ராஃப் யாரென்றால், தொழிலதிபர்கள் நாட்டின் பொருளாதாரத்துக்காக வகுத்த 1944 பம்பாய் திட்டத்தை எழுதியவர்களில் ஒருவர், அதே வருடம் உலக நாணய ஏற்பாட்டைப் பேசிய பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் இருந்தவர், டாடா குழுமத்தில் பெரிய ஆள். எல்லாவற்றையும் அரசாங்கமே செய்யும் என்று நாடே நம்பிய 1956-இல் தனியார் தொழிலுக்காகப் பேச ஒரு மன்றம் ஆரம்பித்தார். சுசேதாவைத் தொழிலதிபர்களுக்கு எதிரி என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும். வியாபாரத்தின் மேல் மரியாதை இருக்கிற ஆளுக்குத்தான் வியாபாரத்தில் களவு நடக்கும்போது இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தோன்றும். 'அப்சல்யூட் பவர்' அதற்கு அப்புறம் போங்கள், கரடிக்குட்டியின் 2023, 2024 தகவல்களைக் கடைசிப் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு படியுங்கள்.

---

கரடிக்குட்டி

அந்த ஷ்ராஃப் புத்தகம் நானும் படித்ததில்லை. யாரிடமாவது இருந்தால் இரவல் தாருங்கள், ரசீது எழுதித் தருகிறேன்.

---

பழைய_லெட்ஜர்

என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, அனுப்புகிறேன். ரசீது வேண்டாம் தம்பி, நிறைய ரசீது பார்த்துவிட்டேன். புத்தகம் திரும்பி வந்தால் போதும்.